தேசியக் கொடிகளில் கருநீலம்: அந்த நிறத்துக்குப் பொருள் கூறியவர் யார்?

கேள்வி
எழுதியவர்: வகுப்பறை

அனைவருக்கும் வணக்கம். எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கு உலக நாடுகளின் கொடிகளைப் பற்றிச் சொல்ல இரண்டு பாடவேளைகளை ஒதுக்கி, ஆளுக்கு மூன்று கொடிகளை வரைந்து வண்ணம் தீட்டிவரச் சொல்லியிருந்தேன். தாள்களை வாங்கிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி தன் பெட்டியிலிருந்து மூன்று நீலப் பென்சில்களை எடுத்து மேசைமேல் வரிசையாக வைத்து, நம் கொடியின் சக்கரத்துக்கு இவற்றுள் எது சரி என்று கேட்டாள். மிகவும் அடர்ந்ததைக் காட்டினேன். "சக்கரத்தின் நீலம் வானத்தையும் கடலையும் குறிக்கிறது என்று சொன்னீர்களே, வானம் இவ்வளவு கறுப்பாகவா இருக்கும்?" என்று உடனே அடுத்த கேள்வி வந்தது. அதற்கு என்னால் விடை சொல்ல முடியவில்லை.

அன்று மாலையே கையில் கிடைத்த பொது அறிவு நூல்களைப் புரட்டினேன். ஒன்று வானமும் கடலும் என்கிறது, மற்றொன்று வாய்மை என்கிறது, வேறொன்று நீதி என்கிறது. அந்த விளக்கத்தை எங்கிருந்து எடுத்தோம் என்று எந்த நூலும் கூறவில்லை. காவி, வெண்மை, பச்சை ஆகிய மூன்றுக்கும் விளக்கம் எழுதும்போது ஏறக்குறைய ஒரே குரலில் பேசும் நூல்கள், நீலத்துக்கு வந்ததும் ஆளுக்கொரு வழியில் பிரிந்துவிடுவது எனக்கு வியப்பாக இருந்தது.

ஆகவே கொடி வரலாற்றில் ஈடுபாடுள்ளவர்களிடம் கேட்கிறேன். இந்தியக் கொடியின் கருநீலத்துக்கு அதிகாரப்பூர்வமாகப் பொருள் கூறப்பட்டிருக்கிறதா? பிரிட்டன், பிரான்சு, தாய்லாந்து, ஆஸ்திரேலியா எனப் பல நாடுகளின் கொடிகளில் ஏன் இதே அடர்ந்த நீலம் வருகிறது? கடற்படையோடு இந்த நிறத்துக்குள்ள தொடர்பு பெயரளவில் மட்டும்தானா? பிள்ளைகளிடம் பிழையான செய்தியைச் சொல்லிவிடக் கூடாது என்ற கவலையோடு கேட்கிறேன்.


மறுமொழி 1
எழுதியவர்: ஏட்டுச்சுவடி

வணக்கம் அம்மா. உங்கள் முதல் கேள்விக்கு விடை சொல்ல 1947ஆம் ஆண்டுக்கும் முன்னால், 1931க்குச் செல்ல வேண்டும்.

1931 ஆகஸ்டில் அகில இந்தியக் காங்கிரஸ் குழு பம்பாயில் கூடித் தன் கொடியை வரையறுத்தது. மேலிருந்து கீழாகக் காவி, வெள்ளை, பச்சை. வெள்ளைப் பட்டையின் நடுவில் அடர்நீல நிறத்தில் ராட்டை. இந்த நிறங்களுக்கு மதச் சார்பு எதுவும் இல்லை என்பதையும் அந்தத் தீர்மானம் வெளிப்படையாகவே சொன்னது. காவி துணிவையும் தியாகத்தையும், வெள்ளை அமைதியையும் உண்மையையும், பச்சை நம்பிக்கையையும் வீரப் பண்பையும் குறிக்கும் என்றும், ராட்டை மக்களின் நம்பிக்கைக்கு அடையாளம் என்றும் விளக்கமும் தந்தது. இங்கே ஒன்றைக் கவனியுங்கள்: பொருள் ராட்டை என்ற உருவத்துக்குத்தான் தரப்பட்டது. அதைத் தீட்டும் நீலத்துக்கு ஒரு சொல்லும் ஒதுக்கப்படவில்லை.

பின்னர் 1947 ஜூன் 23 அன்று, ராஜேந்திர பிரசாத் தலைமையில் கொடிக்கான தற்காலிகக் குழு அமைக்கப்பட்டது. அபுல் கலாம் ஆசாத், சரோஜினி நாயுடு, ராஜாஜி, கே. எம். முன்ஷி, அம்பேத்கர் போன்றோர் அதில் இருந்தார்கள். ஜூலை 22 அன்று அரசியல் நிர்ணய சபையில் நேரு முன்மொழிந்து நிறைவேறிய தீர்மானத்தில், வெள்ளைப் பட்டையின் நடுவே "ராட்டையைக் குறிக்கும் வகையில்" கடற்படை நீலத்தில் ஒரு சக்கரம் இருக்கும் என்றும், அதன் வடிவம் சாரநாத்திலுள்ள அசோகரின் சிங்கத் தூண் முகட்டில் காணப்படும் சக்கரத்தின் வடிவமாக இருக்கும் என்றும் கூறப்பட்டது. அசோகச் சக்கரம் ராட்டையின் இடத்தில் வந்து அமர்ந்தபோது, ராட்டையின் நீலத்தையும் தன்னுடையதாக ஏற்றுக்கொண்டது. ஆகவே சக்கரம் வருவதற்குப் பதினாறு ஆண்டுகளுக்கு முன்பே அந்த நீலம் கொடியில் இருந்திருக்கிறது. பௌத்தத்தோடோ, வானத்தோடோ, கடலோடோ அந்த நிறத்தைப் பிணைத்துச் சொல்லும் விளக்கங்கள் பெரும்பாலும் இந்த வரிசையைக் கணக்கில் எடுப்பதில்லை.

அந்த விவாதத்தில் பேசிய சர்வபள்ளி ராதாகிருஷ்ணனின் விளக்கத்தைத்தான் நம் பாடநூல்கள் இன்றுவரை பின்பற்றுகின்றன. காவி பற்றின்மை, வெள்ளை ஒளி, பச்சை மண்ணோடும் பயிரோடும் நமக்குள்ள உறவு என்று அவர் கூறினார். சக்கரத்தைப் பற்றிப் பேசும்போது அது அறத்தின் சக்கரம், இயக்கத்தின் அடையாளம், தேங்கி நிற்பதில் சாவும் இயங்குவதில் வாழ்வும் உண்டு என்றார். அங்கும் பொருள் சக்கரத்துக்குத்தான், நீலத்துக்கு இல்லை.

எனவே உங்கள் மாணவிக்குத் துணிந்து சொல்லலாம்: மூன்று பட்டைகளின் நிறங்களுக்கும், சக்கரத்தின் உருவத்துக்கும் பொருள் கூறப்பட்டது, சக்கரத்தின் நிறத்துக்குத் தீர்மானம் பெயரை மட்டும்தான் கொடுத்தது. "வானமும் கடலும்" என்பது பிற்காலத்தில் ஒட்டிக்கொண்ட விளக்கம்.


மறுமொழி 2
எழுதியவர்: அவுரி

நான் துணிகளுக்குச் சாயம் ஏற்றும் தொழிலில் நெடுங்காலம் இருந்தவன். வரலாற்றை ஏட்டுச்சுவடி ஐயா தெளிவாகச் சொல்லிவிட்டார். ஏன் இத்தனை கொடிகளில் இதே அடர்நீலம் என்ற உங்கள் இரண்டாவது கேள்விக்கு ஆவணங்களில் ஒரு பாதி விடைதான் இருக்கிறது, மறுபாதி சாயத் தொட்டிக்குள் இருக்கிறது என்பது என் எண்ணம்.

செயற்கைச் சாயங்கள் வருவதற்கு முன், துணியில் நிலைத்து நிற்கும் நீலத்துக்கு உலகம் பெரும்பாலும் அவுரியையும் அதே சாயப்பொருளைக் குறைந்த அளவில் தரும் ஐரோப்பியச் செடியான வோடையும்தான் நம்பியிருந்தது. அவுரித் தொட்டியிலிருந்து துணியை வெளியே எடுக்கும் அந்த நொடியில் அது நீலமாக இருக்காது. மஞ்சள் கலந்த பச்சையாக, ஊறிய வெற்றிலைபோல இருக்கும். காற்றுப் படப்பட, பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மடிப்பின் மேற்புறத்தில் முதலில் நீலம் ஏறும்; மடிப்பைப் பிரித்தால் உள்ளே இன்னும் பச்சை இருக்கும். முழுவதும் நீலமான பிறகு மீண்டும் முக்க வேண்டும். ஒருமுறை முக்கினால் வெளிர்நீலம், நான்கைந்து முறை முக்கினால் நடுத்தர நீலம், அதற்கும் மேல் போனால்தான் கறுப்பை நெருங்கும் அந்த ஆழ்ந்த நீலம் கிடைக்கும். முக்கும் முறை கூடக்கூட நூலில் படியும் சாயத்தின் அளவும் கூடுகிறது. வெயிலும் உப்புக்காற்றும் அந்தச் சாயத்தைத் தின்னத் தொடங்கினாலும் அடர்ந்த துணி வெளுத்துத் தெரிய நெடுநாள் ஆகும். வெளிர்நீலத் துணி சில மாதங்களிலேயே சாம்பல் பூத்துவிடும்.

கப்பலில் ஆண்டு முழுவதும் பறக்க வேண்டிய கொடிக்கும், மாலுமி அன்றாடம் உடுத்தும் உடைக்கும் எது ஏற்றது என்பதை இனி நான் சொல்லத் தேவையில்லை. பிரிட்டிஷ் கடற்படை 1748இல் தன் அதிகாரிகளுக்கு அடர்நீலச் சீருடையை வகுத்தது. ஆங்கிலத்தில் அந்த நிறத்துக்குக் கடற்படையின் பெயர் வந்து ஒட்டிக்கொண்டது அதற்கு வெகுநாள் பிறகுதான். எனவே கடற்படை நீலம் என்ற பெயரில் உள்ள கடல், நாம் கரையில் நின்று பார்க்கும் நீரைக் குறிக்கவில்லை. அந்த நீரில் பணிசெய்தவர்களின் உடையைக் குறிக்கிறது. பிரிட்டனின் ஒன்றியக் கொடியில் ஸ்காட்லாந்துச் சிலுவைக்குரிய நீலம் காலப்போக்கில் அடர்ந்துபோனதற்கும், அடர்ந்த சாயம் கடலில் நீடித்து நின்றதே காரணம் என்று கொடி வரலாற்றாளர்கள் கூறுவார்கள். ஸ்காட்லாந்தின் தனிக்கொடிக்கு எந்த நீலம் என்ற கேள்வி நெடுங்காலம் தீராமலேயே இருந்து, 2003இல்தான் அங்குள்ள நாடாளுமன்றக் குழு ஒன்று, நிறங்களுக்கு எண்ணிடும் பான்டோன் முறையில் 300 என்ற சற்றே வெளிர்ந்த நீலத்தைப் பரிந்துரைத்தது. ஒன்றியக் கொடியில் பயன்படுவதோ பான்டோன் 280 என்ற அடர்நீலம். ஒரே சிலுவை, இரண்டு கொடிகளில் இரண்டு நீலங்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. ஐரோப்பியக் குலச்சின்ன மரபில் நீலத்துக்கு ஒரே ஒரு பெயர்தான். வெளிர், அடர் என்ற பாகுபாடு அந்த மரபுக்கே கிடையாது. "நீலப் பின்புலத்தில் வெள்ளைச் சிலுவை" என்று எழுதிவிட்டால் போதும். எவ்வளவு நீலம் என்பது துணி நெய்பவரின் பொறுப்பு. நிறங்களுக்கு எண்ணிட்டுச் சொல்லும் பான்டோன் முறை 1963இல்தான் வந்தது. அதற்கு முந்திய கொடிச் சட்டங்கள் பலவற்றில் நிறத்தின் பெயர் மட்டும் இருப்பதற்கு இதுதான் பின்னணி.

நம் சக்கரத்துக்கு வருவோம். 900 மில்லிமீட்டர் நீளமும் 600 மில்லிமீட்டர் அகலமும் உள்ள கொடியில் சக்கரத்தின் விட்டம் 185 மில்லிமீட்டர். கொடிக்கு வரையறுக்கப்பட்ட ஒன்பது அளவுகளில் மிகச் சிறியதில் அது வெறும் 25 மில்லிமீட்டர். அந்த வட்டத்துக்குள் 24 மெல்லிய ஆரங்கள் வர வேண்டும். வெள்ளைத் துணிமேல் அவ்வளவு நுண்ணிய கோடுகளை வெளிர்நீலத்தில் அச்சிட்டுப் பாருங்கள், பத்தடி தள்ளி நின்றாலே ஆரங்கள் கரைந்துபோய்ச் சாம்பல் வட்டம்தான் மிஞ்சும். கொடியை உருவாக்கியவர்கள் இதை நினைத்துத்தான் அடர்நீலத்தைத் தேர்ந்தார்கள் என்று சொல்ல என்னிடம் ஆவணம் எதுவும் இல்லை. ஆனால் வெள்ளைமேல் நுண்கோடு என்றால் எந்தத் தொழிலாளியும் அந்தத் தொட்டியைத்தான் தேடிப் போவான்.


மறுமொழி 3
எழுதியவர்: மேக்கோங்

தாய்லாந்தைக் குறிப்பிட்டிருந்தீர்கள். அங்கே நிலைமை நேர்மாறானது: கொடியில் நீலத்தைச் சேர்த்த அரசரே அதற்குப் பொருளும் கூறியிருக்கிறார்.

சயாம் என்று அந்நாடு அழைக்கப்பட்ட காலத்தில், செந்நிறத்தின்மேல் வெள்ளை யானை நிற்கும் கொடி நெடுநாள் வழக்கிலிருந்தது. ஆறாம் இராமர் எனப்படும் அரசர் வஜிராவுத் 1916இல் அதைச் சிவப்பு வெள்ளைப் பட்டைகளாக மாற்றினார். 1917 செப்டம்பர் 28 அன்று நடுப்பட்டையை அடர்நீலமாக்கி, இன்று நாம் காணும் கொடியை அறிவித்தார். ஐந்து பட்டைகளில் நடுவிலுள்ள நீலம் மட்டும் மற்றவற்றைப்போல் இருமடங்கு அகலமுடையது. சிவப்பு நாட்டையும், வெள்ளை சமயத்தையும், நீலம் அரசரையும் குறிக்கும் என்பது அவர் தம் கவிதையிலேயே தந்த விளக்கம். நீலம் அவர் பிறந்த சனிக்கிழமைக்குரிய நிறம் என்றும் சொல்வார்கள். அதே ஆண்டு ஜூலை 22 அன்று சயாம் முதல் உலகப் போரில் நேச நாடுகளின் பக்கம் சேர்ந்திருந்தது. சிவப்பு, வெள்ளை, நீலம் என்ற சேர்க்கை பிரிட்டன், பிரான்சு, அமெரிக்கா ஆகியவற்றின் கொடிகளோடு ஒத்துப்போனது தற்செயல் அன்று. ஆக, ஒரே பட்டைக்குள் அரசரும் இருக்கிறார், அரசியலும் இருக்கிறது.

அண்டை நாடுகளையும் சேர்த்துப் பார்த்தால் இன்னும் சுவையானது. கம்போடியாவின் கொடியிலும் நீலம் அரசரைத்தான் குறிக்கிறது. லாவோசில் அதே நீலப்பட்டை மேக்கோங் ஆறு. அதன் நடுவிலுள்ள வெள்ளை வட்டம் ஆற்றின்மேல் எழும் முழுநிலவு. அடுத்தடுத்துள்ள மூன்று நாடுகளில் இரண்டில் அரசர், ஒன்றில் ஆறு. நீலம் என்றால் இதுதான் என்று நிறத்திலிருந்தே பொருளைத் தேடுபவர்கள் இந்த மூன்று கொடிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.


மறுமொழி 4
எழுதியவர்: நெய்தல்

ஏட்டுச்சுவடி அவர்களின் ஆவணச் செய்திகளை மறுக்கவில்லை. ஆனால் தீர்மானத்தில் எழுதப்படாத பொருளெல்லாம் "ஒட்டிக்கொண்டது" என்று ஒதுக்கிவைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. கொடி என்பது ஒருநாள் எழுதிமுடித்த பத்திரம் அன்று. தலைமுறை தலைமுறையாக மக்கள் அண்ணாந்து பார்த்து நிற்கும் ஒன்று. பார்ப்பவர்கள் மனத்தில் வளர்ந்து, பின்னர் அரசாலும் ஏற்கப்பட்ட பொருளும் பொருள்தான்.

நியூசிலாந்தை எடுத்துக்கொள்ளுங்கள். அக்கொடியின் நீலம் எங்கிருந்து வந்தது என்பதில் ஐயமே இல்லை. பிரிட்டிஷ் கடற்படையில் முற்காலத்தில் சிவப்பு, வெள்ளை, நீலம் என மூன்று கப்பற்படைப் பிரிவுகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் அந்தந்த நிறத்தில் கொடி. 1864இல் இந்தப் பிரிவினை கைவிடப்பட்டு, வெள்ளைக் கொடி போர்க்கப்பல்களுக்கும், சிவப்பு வணிகக் கப்பல்களுக்கும், நீலம் அரசுப் பணிக் கப்பல்களுக்கும் என்று ஒதுக்கப்பட்டது. அடுத்த ஆண்டு வந்த சட்டத்தின்படி, குடியேற்ற நாடுகளின் அரசுக் கப்பல்கள் அந்த நீலக் கொடியில் தங்கள் சின்னத்தைப் பொறித்துக்கொள்ளலாம் என்றாயிற்று. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளின் கொடிகள் அந்த வேரிலிருந்து முளைத்தவை. பிறப்பால் அது அலுவலக நிறம். ஆயினும் இன்று நியூசிலாந்து அரசே அந்த நீலம் தம்மைச் சூழ்ந்துள்ள கடலையும் வானத்தையும் குறிப்பதாகக் கூறுகிறது. கடலுக்கு நடுவே வாழும் மக்கள் தங்கள் கொடியின் நீலத்தில் கடலைக் காண்பது பிழையா? 2016இல் முடிந்த பொது வாக்கெடுப்பில், கொடியை மாற்றலாமா என்று கேட்கப்பட்டபோது, நூற்றுக்கு 56க்கும் மேற்பட்டோர் பழைய நீலத்தையே வைத்துக்கொண்டார்கள். அவர்களில் எத்தனைபேர் 1864ஆம் ஆண்டின் கடற்படை ஆணையை மனத்தில் வைத்து வாக்களித்திருப்பார்கள்?

தொடக்கத்திலிருந்தே கடலைக் குறித்த அடர்நீலங்களும் உண்டு. 1968இல் விடுதலை பெற்ற நவுரு என்ற குட்டித் தீவின் கொடியை எனக்கு மிகவும் பிடிக்கும். நீலப்பரப்பு பசிபிக் பெருங்கடல். அதன் குறுக்கே ஓடும் மெல்லிய மஞ்சள் கோடு நிலநடுக்கோடு. கோட்டுக்குச் சற்றே கீழே பன்னிரண்டு முனைகளோடு ஒரு வெள்ளை விண்மீன். அதுதான் நவுரு, பன்னிரண்டு முனைகளும் அங்குள்ள பன்னிரண்டு குலங்கள். கொடி என்பதைவிட அதை ஒரு வரைபடம் என்றே சொல்லலாம். நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில், தெற்கே, தன்னந்தனியாகக் கிடக்கும் தீவை அது அப்படியே காட்டுகிறது. அங்கே நீலம் வெளிர்ந்திருந்தால் ஆழ்கடல் என்ற உணர்வே வந்திருக்காது. ஆகவே "வானம் இவ்வளவு கறுப்பா?" என்று கேட்ட மாணவியிடம், ஆழமுள்ள கடல் அப்படித்தான் இருக்கும் என்றும் சொல்லலாம். நம் முன்னோர் கருங்கடல் என்று சொன்னது சும்மா அன்று.

நேபாளத்தையும் சொல்லிவிடுகிறேன். அதன் செந்நிறக் கொடியைச் சுற்றியுள்ள அடர்நீல விளிம்பு அமைதியைக் குறிக்கிறது. கடலே இல்லாத நாடு.


மறுமொழி 5
எழுதியவர்: ஏட்டுச்சுவடி

நெய்தல் அவர்களின் மறுப்பு நியாயமானது. "ஒட்டிக்கொண்டது" என்ற சொல் ஒதுக்குவதுபோல் ஒலித்திருந்தால் அதைத் திரும்பப் பெறுகிறேன். நான் வற்புறுத்த விரும்புவது ஒன்றே ஒன்று: எந்தப் பொருளை யார், எப்போது கூறினார்கள் என்பதைப் பிரித்துச் சொல்ல வேண்டும். நியூசிலாந்தில் அரசே பிற்காலத்தில் கூறியது. நவுருவில் பிறக்கும்போதே கூறப்பட்டது. இந்தியாவில் தீர்மானமும் அதை ஒட்டிய விளக்க உரையும் நீலத்தைப் பற்றிப் பேசவில்லை. மூன்றும் மூன்று நிலைகள். பாடநூல் இவை மூன்றையும் "நீலம் கடலைக் குறிக்கும்" என்று ஒரே வரியில் எழுதிவிடும்போதுதான் சிக்கல் வருகிறது.

அமெரிக்காவில் நடந்தது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1777 ஜூன் 14 அன்று அந்நாட்டுப் பேரவை நிறைவேற்றிய கொடித் தீர்மானம், நீலப் பரப்பில் பதின்மூன்று வெள்ளை விண்மீன்கள் ஒரு புதிய விண்மீன் கூட்டத்தைக் குறிக்கும் என்று மட்டும் கூறியது. நிறங்களுக்கு விளக்கம் கிடையாது. நீலம் விழிப்புணர்வையும் விடாமுயற்சியையும் நீதியையும் குறிக்கும் என்று இன்று பலரும் எழுதுகிறார்கள் அல்லவா? அது 1782 ஜூன் 20 அன்று பேரவைச் செயலர் சார்லஸ் தாம்சன் நாட்டின் பெருமுத்திரையைப் பற்றித் தந்த விளக்கத்திலிருந்து வந்தது. முத்திரைக்குச் சொன்னதை ஐந்தாண்டு மூத்த கொடிக்கு மாற்றி எழுதிவிட்டார்கள். உங்கள் பொது அறிவு நூல்களில் ஒன்று இந்தியக் கொடியின் நீலம் நீதி என்று கூறியதாகச் சொன்னீர்கள். அந்தச் சொல் இப்படிப் பயணம்செய்து வந்ததோ என்ற ஐயம் எனக்கு உண்டு.

வேறொரு வழியைத் தேர்ந்த நாடும் இருக்கிறது. 1994 ஏப்ரல் 27 அன்று முதன்முதலாக ஏற்றப்பட்ட தென்னாப்பிரிக்கக் கொடியில் ஆறு நிறங்கள். எந்த நிறத்துக்கும் எல்லாருக்கும் பொதுவான ஒரு பொருளைக் கற்பிக்க வேண்டாம் என்று அந்நாட்டு அரசே கூறிவிட்டது. நிறங்களின் பெயரால் நெடுங்காலம் பிளவுபட்டுக் கிடந்த நாட்டில், ஒவ்வொருவரும் தமக்குரியதைக் கொடியில் கண்டுகொள்ளட்டும் என்று விட்டுவைத்தது மிகுந்த பக்குவம் என்று கருதுகிறேன்.


மறுமொழி 6
எழுதியவர்: வகுப்பறை

நான் எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு அதிகமாகக் கற்றுக்கொண்டேன். எல்லாருக்கும் என் மனமார்ந்த நன்றி. இரண்டு சிறு ஐயங்கள் இன்னும் உள்ளன. பிரான்சின் கொடியில் நீலம் அண்மையில் மாற்றப்பட்டது என்று படித்தேன். கொடியையே மாற்றாமல் நிறத்தை மட்டும் எப்படி மாற்ற முடியும்? அடுத்து, தமிழில் இதைக் கருநீலம் என்று எழுதுவதா, கடற்படை நீலம் என்று எழுதுவதா?


மறுமொழி 7
எழுதியவர்: ஏட்டுச்சுவடி

பிரான்சின் அரசியல் சட்டம் தேசியச் சின்னத்தை நீலம், வெள்ளை, சிவப்பு என்ற மூவண்ணக் கொடி என்று மட்டும் கூறுகிறது. எத்தகைய நீலம் என்று கூறவில்லை. அந்த இடைவெளிதான் மாற்றத்துக்கு இடம்கொடுத்தது. 1976இல் குடியரசுத் தலைவர் ஜிஸ்கார் தெஸ்தேங், ஐரோப்பியக் கொடியின் அருகில் பறக்கும்போது பொருந்த வேண்டும் என்று நீலத்தை வெளிர்ப்பித்தார். 2020இல் மக்ரோன் அதிபர் மாளிகைக் கொடியில் பழைய அடர்நீலத்தைத் திரும்பக் கொண்டுவந்தார். பெரிய அறிவிப்பு ஏதும் இல்லாததால், 2021 நவம்பரில்தான் அது செய்தித்தாள்களுக்கு எட்டியது. புரட்சிக் காலத்து மூவண்ணத்தை நினைவூட்டுவது இதன் நோக்கம் எனப்பட்டது. அந்த நீலத்தின் மூலமோ பாரீஸ் நகரத்தின் நிறம். 1789இல் நகரத்தின் நீலமும் சிவப்பும் அரச வெண்மையோடு சேர்ந்தபோது மூவண்ணம் உருவானது. ஒரே கொடி, ஒரே சட்டம், ஆனால் வெளிர்நீலம் ஐரோப்பாவை நோக்கியும் அடர்நீலம் புரட்சியை நோக்கியும் கைகாட்டுகின்றன. நிறத்தின் பெயரைவிட அதன் ஆழம் எவ்வளவு பேசுகிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

ஐஸ்லாந்திலோ சட்டமே தன் கொடியை வானம்போல் நீலமானது என்று கூறுகிறது. ஆனால் துணியில் காண்பது நாம் வானநீலம் என்று அழைப்பதைவிட மிக அடர்ந்தது. உங்கள் மாணவியின் கேள்வியை அந்நாட்டுக் குழந்தைகளும் கேட்டிருக்கக்கூடும்.

சொல்லைப் பொறுத்தவரை, 1931ஆம் ஆண்டுத் தீர்மானம் அடர்நீலம் என்ற பொருள்படும் சொல்லையும், 1947ஆம் ஆண்டுத் தீர்மானம் கடற்படை நீலம் என்ற பொருள்படும் சொல்லையும் ஆண்டன. தமிழ்ப் பாடநூல்களில் வேரூன்றிவிட்ட கருநீலம் என்ற சொல் அந்த முதல் தீர்மானத்துக்கு நெருக்கமானது. பார்த்தவுடன் நிறம் கண்முன் வந்துவிடுகிறது என்பதால் எனக்கும் அதுவே பிடிக்கும். ஆனால் 1947ஆம் ஆண்டுத் தீர்மானத்தை மொழிபெயர்த்துக் காட்டும் இடத்தில் கடற்படை நீலம் என்றே எழுதுங்கள். அந்தப் பெயரின் வரலாறு கருநீலம் என்ற சொல்லுக்குள் இல்லை.


மறுமொழி 8
எழுதியவர்: அவுரி

அம்மா, அந்தக் குழந்தை மூன்று நீலப் பென்சில்களை வைத்துக்கொண்டு நின்றதை நினைத்துக்கொண்டே இருந்தேன். அவளுக்கு ஒரு யோசனை சொல்லுங்கள். மிக அடர்ந்த பென்சிலையே முதலில் அழுத்தித் தேய்க்க வேண்டாம். தாள் பளபளத்து, அடுத்த பூச்சை ஏற்காது. நடுத்தர நீலத்தால் மெல்ல ஒரு பூச்சு, அதன்மேல் அடர்நீலத்தால் இரண்டு மூன்று பூச்சு. தொட்டியில் பலமுறை முக்கி எடுப்பதும் இதுதான்.

பாகைமானியை வைத்து 15 பாகைக்கு ஒன்றாகப் புள்ளியிட்டுக்கொண்டால் 24 ஆரங்களும் சரியாக விழும். வரைந்து முடித்ததும் தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பின்புறத்திலிருந்தும் பார்க்கச் சொல்லுங்கள். கொடியில் சக்கரம் இரண்டு பக்கமும் ஒன்றுபோலத் தெரிய வேண்டும் என்பது விதி. ராட்டையை அப்படி வரைய முடியாது, ஒரு பக்கம் சக்கரமும் மறுபக்கம் நூல் நூற்கும் கதிரும் இடம் மாறிவிடும் என்பதை நேருவே 1947இல் அந்தச் சபையில் எடுத்துச் சொன்னார்.